முத்திரை போலிருந்த காசு

நான் சேகரித்தவை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துச் சில்லறைத் தாள்கள். போர் தொடங்கியதும் அங்கே சனங்கள் நாணயங்களைப் பதுக்கிவிட்டார்கள். கடைகளில் மிச்சக்காசு கொடுக்க வழியில்லை. தபால் முத்திரைகளையே காசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கையில் ஒட்டிப் பாழாகின. பிறகு அரசாங்கமே முத்திரைப் படம் போட்ட சின்னத் தாள்களை ஐந்து சதம், பத்துச் சதமென்று அச்சிட்டது. சிலவற்றின் ஓரம்கூட முத்திரை போலப் பல்லுப் பல்லாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஒரு நெருப்புப்பெட்டிக்கு நாள் முழுக்க அலைந்தவன் நான். அந்தத் தாள்கள் எனக்குப் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டே பதினெட்டு வருடங்களில் முப்பத்தொரு தாள்கள் சேர்த்தேன்.

மனைவிக்கு ஐம்பத்தாறு வயதில் மறதி நோய் தொடங்கியது. முதலில் நோர்வேஜிய மொழி போனது. பிறகு, ரொம்மன் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் வேலை முடிந்து வந்தபோது, அவள் சமையலறை மேசையில் இருந்தாள். என் அல்பம் திறந்து கிடந்தது. ஒரு கடித உறையின் மேல் ஏழு தாள்களைப் பசை பூசி வரிசையாக ஒட்டியிருந்தாள்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்!" என்று கத்தினேன். அவளைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதே இல்லை.

அவள் இரண்டு கைகளாலும் உறையை மூடிக்கொண்டாள். "அண்ணைக்குக் கடிதம் எழுதினனான். இவ்வளவு முத்திரை காணாதோ?"

அவளுடைய அண்ணன் வன்னியில், போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருக்குக் கிரியை செய்ய அவள் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. உறையில் எழுதியிருந்தது இடிந்துபோன அவர்களுடைய வீட்டின் முகவரி.

"ஓம், காணும்," என்றேன். "நான் கொண்டுபோய்ப் போடுறன்."

போடவில்லை. அடுத்த நாள் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு உறையை வெந்நீரில் நனைத்தேன். நான்கு தாள்கள் கழன்று வந்தன, மூன்று கிழிந்தன. உள்ளே கடிதமும் நனைந்துவிட்டதால், உலர்த்துவதற்காகப் பிரித்தேன். ஒரே வரிதான். 'அண்ணை, இஞ்சை ஆக்களைத் தெரியேல்லை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ.' கீழே அதையே திரும்பவும் எழுதியிருந்தாள். பக்கம் முடியும்வரை அதேதான். தெரியாத ஆட்களில் நானும் ஒருவன் என்பது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வைகாசியில் அவளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். நான் போகும்போதெல்லாம், "அண்ணை மறுமொழி போட்டவரோ?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் நானே அவர் எழுதியதுபோல நாலு வரி எழுதிக் கொண்டுபோனேன்.

கடிதத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது அண்ணையின்ரை எழுத்தில்லை," என்றாள். "அண்ணை செத்துப்போனார், என்ன?"

அன்றைக்குத்தான் அண்ணனுக்காக முதன்முதலாக அழுதாள். அழுகை நான்கு நாட்கள் நீடித்தது. மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருக்கலாம்.