ஏழு தடவை மூடிய பழுது

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சசிரேகாவுக்குப் பதினோரு வருட வேலை. மெஷின்களில் வரும் பழுதுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வாள், சரிசெய்ததும் மூடுவாள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் லீலா.

"இன்னாக்கா, உன் டிவி பச்சையா கீதா?" தினமும் அதே கிண்டல்.

முப்பது நாளைத் தாண்டிய பழுது, ஆலைக்குள் தொங்கும் டிவியில் சிவப்பாகிவிடும். மேலதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். அதனால் மாதக் கடைசியில் ஒரு வழக்கம். சரிசெய்யாததையும் 'முடிந்தது' என்று மூடிவிட்டு, மறுநாள் புது எண்ணில் பதிவு செய்வது. சூப்பர்வைசர் வெங்கடேசன் சொல்வார், சசிரேகா செய்வாள்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு சென்சார். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டியது, சில சமயம் நிறுத்தாது. அந்தப் பழுதை ஏழு தடவை மூடி, ஆறு தடவை மறுபடி திறந்திருந்தாள் அவள்.

ஏழாவது முறை மறுபடி திறப்பதற்குள், ஒன்றாம் தேதி காலை, அதே பிரஸ்ஸில் லீலாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சசிரேகா அழவில்லை. யாரோ டீ நீட்டினார்கள், குடித்தாள். சூடு தெரியவில்லை.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் லீலா கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துப் படுத்திருந்தாள். மயக்கத்திலும் உதடு பழக்கத்தில் சிரித்தது. "இன்னாக்கா, டிவி பச்சையா கீதா?"

"ம்," என்றாள் சசிரேகா. பச்சையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. அதற்குமுன் வெங்கடேசன் ஒரு தாளோடு வந்தார். 'விபத்து நடந்தபோது மெஷினில் பழுது எதுவும் பதிவில் இல்லை. ஆபரேட்டரின் அஜாக்கிரதையே காரணம்.'

"கீழ கையெழுத்து போடும்மா."

"லீலாவுக்கு வேலை போய்டும் சார்."

"வாயத் தொறந்தா உனக்குத்தான் மொதல்ல போவும். எல்லாம் உன் லாகின்ல மூடினது, நான் எங்கியாவது கையெழுத்து போட்டுக்கிறனா?"

உண்மைதான். எங்கும் அவர் பெயர் இல்லை.

சசிரேகா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முழு வரலாற்றையும் அச்செடுத்து விசாரணைக்குக் கொண்டுபோனாள். விசாரணை அதிகாரி அதைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மூடுனது யாரு?"

"நான்தான் சார்."

"ஏழு தடவையுமா?"

"ஏழு தடவையும். சரி பண்ணாமலே. மாசக் கடைசியில சூப்பர்வைசர் மூடச் சொல்லுவாரு."

குரல் நடுங்கவில்லை. பெற்ற மகளின் சாவைச் சொல்பவள்கூட ஒரு கட்டத்தில் இப்படித்தான் சொல்வாள்.

திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். லாகினை இன்னும் தடுக்கவில்லை. புதுப் பழுது ஒன்றைத் திறந்தாள். நாலாம் நம்பர் பிரஸ், கை காக்கும் சென்சார். 'பழுது கண்ட நாள்' என்ற கட்டத்தில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதியை அடித்தாள்.

டிவி சிவந்தது.

"சசீ, இன்னா பண்ற நீ?" வெங்கடேசன் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

அவள் திரும்பவில்லை. டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் எடுத்து வைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.