அசுசேனா ருகாமாவின் ஆறு மேசைகள்

பெரிய சுருட்டுக் கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று அசுசேனா ருகாமா மேலிலை வெட்டும் பிறைக்கத்தியை மட்டும்தான் கையில் எடுத்து வந்தாள். அது அவள் சொந்தக் கத்தி. மேசை, பலகை, பசைக் கிண்ணம் எல்லாம் கம்பெனியுடையவை. நாற்காலியில் கிடந்த மெத்தை தான் தைத்தது என்று இரவு ஞாபகம் வந்து, மறுநாள் காலையில் போய் அதையும் கேட்டு வாங்கி வந்தாள். காவலாளி சிரித்தானாம். "சிரி. ஆனா மெத்தைய குடுத்துட்டுச் சிரி" என்றாளாம்.

என் பெயர் எவெலியோ. எஸ்தெலி என்ற ஊரில் சுருட்டுக்குப் பெட்டி செய்கிறவன். அவள் வீட்டுக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். என் மகளின் ஞானஸ்நானத்தில் அவள்தான் ஞானத்தாய். அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவளைக் கொமாத்ரே என்பேன், அவள் என்னைக் கொம்பாத்ரே என்பாள். அவள் போடுகிற சத்தம் முழுக்க என் காதுக்கு வந்துவிடும். ஆகவே நான் சொல்வதில் பெரும்பாலும் நானே கேட்டது.

கம்பெனியை விட்டதற்குக் காரணம் இலை. அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஏராளமாக ஆர்டர் வந்திருந்தது. பதமாவதற்காக அடுக்கிப் பாடம் போட்ட இலைக் குவியலை இன்னும் பல மாதம் விட்டிருக்க வேண்டும், முன்னதாகவே பிரித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். அசுசேனா ஒன்றைச் சுருட்டிப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"இது இன்னும் பச்சை. நாக்கைக் கடிக்குது."

"உனக்குச் சம்பளம் சுருட்டறதுக்கு. குடிச்சுப் பாக்கறதுக்கு இல்ல."

"அப்ப இதைக் குடிக்கப்போறவன் கதி?"

"அவன் வேற தேசத்துல இருக்கான், உனக்கென்ன?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்துவிட்டாள்.

எங்கள் தொழிலில் இருவர் ஜோடியாக உட்காருவார்கள். ஒருவர் உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டித் தருவார், மற்றவர் அதன்மேல் மேலிலையைப் போர்த்தி முடிப்பார். அசுசேனாவுக்குக் கட்டிக் கொடுத்தவன் நிக்கானோர் தலவேரா. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அவர்கள் ஜோடி. அவன் கட்டியதைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினால் போதும், அவன் முந்தின நாள் சாராயம் குடித்தானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். எழுந்தவள் அவனைப் பார்த்து, "வா, போலாம்" என்றாள்.

"நீ போ. மூணு மாசத்துல திரும்பி வருவ. அதுவரைக்கும் உன் நாற்காலிய நான் பாத்துக்கறேன்" என்றான் நிக்கானோர்.

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தையில் எதிரெதிரே வந்தால் இருவரும் தக்காளியைப் பார்ப்பார்கள்.

மலைமேல் அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டத் துண்டை விற்று அவள் இலை வாங்கினாள். வீட்டின் முன்கூடத்தில் ஆறு மேசை போட்டாள். ஏழாவது போடச் சொல்லி எத்தனையோ வியாபாரிகள் கேட்டுவிட்டார்கள். இடம் இல்லை என்பாள். பின்கூடம் காலியாகக் கிடந்தது, அதில் கோழி வளர்த்தாள்.

"ஆறு மேசைன்னா ஒவ்வொரு சுருட்டும் என் கண்ணுல படும். ஏழாவது மேசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்ல உக்காரணும்" என்றாள் என்னிடம்.

ஒரு குவியல் இலை தீர்ந்தால் அந்தச் சுருட்டும் தீர்ந்தது. அடுத்த குவியலை அதே பெயரில் விற்கமாட்டாள். போன வருடம் வாங்கிய மாதிரியே வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, "போன வருஷத்து மழையக் கொண்டுவாங்க, செஞ்சு தரேன்" என்றாள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அதைச் செய்த ஜோடியின் இரண்டு பெயரையும் நான் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும். வாங்குகிறவர்கள் போகப்போக அந்தப் பெயர்களைச் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆறாவது வருடம், அவளிடம் உள்ளிலை கட்டுவதில் கெட்டிக்காரனான வில்மோர் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. ஹோண்டுராஸ் எல்லை தாண்டியபின் போன் செய்தான். பெண்டாட்டி பிள்ளையோடு பிழைப்புத் தேடி வடக்கே போகிறானாம். இங்கே யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவர் அப்படிப் போனவர்தான், அதனால் அவள் திட்டவில்லை. "குளிருக்குத் துணி வாங்கிக்கோ" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆனால் அவன் போன நேரம் மோசமான நேரம். ஒமெதெபே தீவின் எரிமலை மண்ணில் விளைந்த கனத்த இலை ஒரு குவியல், நான்கு வருடம் பாடமாகி, அப்போதுதான் தயாராகியிருந்தது. இரண்டு முனையும் கூம்பி நடு பருத்த பெரிய சுருட்டாக அதைச் செய்ய வேண்டும் என்று ஆசை வைத்திருந்தாள். அந்த வடிவத்துக்கு உள்ளிலை கட்ட அவளிடம் மிச்சமிருந்த கைகள் போதாது.

அந்த வாரம்தான் நான் நெடுஞ்சாலைப் பக்கம் போயிருந்தேன். பெரிய கம்பெனி அங்கே புதிதாக ஒரு சின்னப் பட்டறை கட்டி, ஓடு வேய்ந்து, 'குடும்பக் கைவினைச் சுருட்டகம்' என்று பலகை மாட்டியிருந்தது. சின்னப் பட்டறைச் சுருட்டுக்கு வெளிநாட்டில் மவுசு வந்துவிட்டது அல்லவா, அதற்காக, சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்ட. உள்ளே போய்ப் பார்த்தால், வெள்ளைச் சட்டையும் பனையோலைத் தொப்பியுமாக நிக்கானோர் உட்கார்ந்திருக்கிறான்.

அசுசேனாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது, ஏனென்றால் மறுநாளே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் உடுப்பும் உதட்டுச் சாயமுமாக என் வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட கொமாத்ரே?"

"சுத்திப் பாக்க. வாங்க கொம்பாத்ரே, நீங்களும் கேமராவக் கழுத்துல மாட்டிக்குங்க."

நாங்கள் போனபோது ஒரு பேருந்து நிறைய வெளியூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். மேலாளர் ஃபாப்ரிசியோ, நல்ல பையன், எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். "இவர்தான் நிக்கானோர் ஐயா. எங்க சுருட்டு ஒவ்வொண்ணும் இவர் கைல உருவானது."

"ஒவ்வொண்ணுமா?" அசுசேனாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "கை வலிக்கல?"

நிக்கானோர் தலையைத் தூக்கினான். அவன் கை ஒரு கணம் நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. "பழகிப்போச்சு சீமாட்டி. சில பேருக்கு எவ்வளவு பேசினாலும் வாய் வலிக்கறதில்லையே, அது மாதிரி."

"தொப்பி நல்லாயிருக்கு. யாருது?"

"கம்பெனிது."

"உள்ள இருக்கற தலை?"

கூட்டம் சிரித்தது. அவள் விறுவிறுவென்று போய் அவனுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பிறைக்கத்தியை எடுத்தாள். "ஒண்ணு கட்டு. நான் போத்தறேன்."

கட்டிக் கொடுத்தான். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினாள். பிறகு அவனுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில், "நடுவுல அடைச்சிருக்கு" என்றாள்.

அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது. "குடு இங்க" என்று பிடுங்கிப் பிரித்து மறுபடி கட்டினான். அவள் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதை அவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டினான் என்றே எனக்குத் தோன்றியது. இந்த முறை அவள் திருப்பிக் கொடுக்காமல் மேலிலையை விரித்து, ஓரம் வெட்டி, சுற்றி, சுருட்டின் தலையை ஒட்டி முடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஃபாப்ரிசியோவும்தான்.

கூட்டம் விற்பனைப் பக்கம் நகர்ந்ததும் கேட்டாள். "இது என்ன இலை? பழந்துணி மாதிரி இருக்கு."

"இருக்கறதே இந்த இலைதான். சாயங்காலம் பிரிச்சுடுவாங்க."

"எதை?"

"நான் சுருட்டினதை. பிரிச்சு, தண்ணி தெளிச்சு மூடி வெப்பாங்க. காலைல மறுபடியும் அதையே சுருட்டுவேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப பெட்டியில இருக்கறது?"

"கம்பெனியோட பெரிய கொட்டகைல இருந்து வருது. நல்ல சுருட்டுதான், குறை சொல்லமாட்டேன். நான் தொட்டதில்ல, அவ்வளவுதான்."

"திங்கக்கிழமை என்கிட்ட வா."

"இங்க மின்விசிறி இருக்கு அசுசேனா. மத்தியானம் சோறு போடறாங்க. என் வயசுக்கு இது போதும்."

"உனக்கு அம்பத்தொண்ணு."

"அதைத்தான் சொல்றேன்."

"அப்படின்னா இந்த மூணாவது சுருட்டைச் சாயங்காலம் நீயே பிரி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசலில் ஃபாப்ரிசியோ ஓடிவந்து மறித்தான். ஜோடி அருமையாக இருந்ததாம், வெள்ளிக்கிழமைதோறும் வந்து இதே மாதிரி சண்டை போட முடியுமா, உடுப்பு கம்பெனியே தரும் என்றான். அவள் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை நிக்கானோர் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த மேசைக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வருவான்" என்றாள், ஏதோ பேருந்து நேரம் சொல்கிற மாதிரி.

வியாழக்கிழமை காலை வந்தான். தலையில் தொப்பி இல்லை. அந்த மூன்றாவது சுருட்டைப் பிரிக்கக் கொடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். பல நாள் பற்றவைக்க மனம் வரவில்லையாம். கடைசியில் புதன்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து குடித்தானாம்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மட்டமான இலை. ஆனா இழுக்கறதுக்கு என்ன சுகமா இருந்துச்சு தெரியுமா!" என்றான். கண் கலங்கியிருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவள் கத்தினாள்: "வாசல்ல நின்னு கதை பேசறதுக்கா கூப்பிட்டேன்?"

அவன் சுலபமாக வேலையில் இறங்கினான் என்று சொல்ல முடியாது. கம்பெனியில் வேகத்துக்காக இலைகளைப் புத்தகம் மாதிரி மடித்துக் கட்டுவார்கள். அசுசேனாவிடம் அது நடக்காது. ஒவ்வொரு இலையையும் தனித்தனிக் குழலாகச் சுருட்டி, குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும், அப்போதுதான் காற்று தடையில்லாமல் வரும் என்பது அவள் கட்சி.

"இருபத்தஞ்சு வருஷமா மடிச்சுத்தான் கட்டறேன்."

"அதனாலதான் உனக்கு முதல்ல இருந்து சொல்லவேண்டியிருக்கு."

"கொம்பாத்ரே!" என்று அவன் சுவரைத் தட்டுவான், என்னை எப்போது உறவாக்கிக்கொண்டானோ தெரியாது. "கேட்டீங்களா? இந்த வயசுல என்னை முதல் வகுப்புல போடறா!"

முதல் சில வாரம் அவன் கட்டியதில் பாதியை அவர்களே குடித்துத் தீர்த்தார்கள். பிறகு விரல்களுக்குப் பிடிபட்டது. பிடிபட்டபின் அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்க்கவே மற்ற மேசைக்காரர்கள் சற்று நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

ஆனாலும் அந்தப் பெரிய சுருட்டில் ஒரு குறை இருந்தது. பற்றவைத்ததும் கோணலாக எரிந்தது. அசுசேனா மேலிலையை மாற்றினாள், பசையை மாற்றினாள், நாற்காலியைக்கூட மாற்றினாள். கனத்த இலை முனைவரை போவதுதான் காரணம், பற்றவைக்கும் பக்கத்தில் இரண்டு விரல் அளவு அதைக் குறைக்க வேண்டும் என்றான் நிக்கானோர்.

"என் கலவைல கை வெக்காத."

அவன் குனிந்து அடுத்ததைக் கட்டினான். மறுநாள் காப்பி நேரத்தில் ஒரு சுருட்டை நீட்டினான். அவள் பற்றவைத்தாள். சாம்பல் நேராக, மோதிரம் மாதிரி நின்றது. பாதிவரை ஒன்றும் பேசாமல் குடித்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை, என்னவோ ஏதோ என்று எட்டியே பார்த்துவிட்டேன்.

"முனைல குறைச்சிருக்க."

"ஆமா."

"நல்லாயிருக்கு. இனிமே எல்லாத்தையும் இப்படியே கட்டு. என்கிட்ட சொல்லாம இன்னொரு தரம் செஞ்ச, கைய ஒடிச்சுடுவேன்."

மழைக்காலம் முடிந்தபோது குவியலும் தீர்ந்தது. சுருட்டுகள் சில மாதம் அறையில் தூங்கி எழுந்தன. பெட்டிகளுக்குப் பெயர் பொறிக்க நான் கோலைச் சூடேற்றிக்கொண்டு நின்றேன். யார் பெயர் முன்னால் என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பட்டறை என்னுது."

"நான் கட்டித் தரலேன்னா நீ எதுக்குமேல போத்துவ? காத்துக்கு மேலயா?"

கோல் ஆறிக்கொண்டிருந்தது. நான் இருவரையும் கேட்காமல் பாதிப் பெட்டிகளில் அவள் பெயரை முன்னால் போட்டேன், மீதிப் பெட்டிகளில் அவன் பெயரை.

ஹாம்பர்க் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து வாங்கினார். அடியில் பெயர் மாறி இருப்பதைக் கவனித்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். "ரெண்டும் ஒரே சுருட்டுதான். பேருக்குத்தான் சண்டை" என்று அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் அதை நம்பவில்லையோ, அல்லது அவருடைய வாடிக்கையாளர்கள் நம்பவில்லையோ தெரியாது. அடுத்த வருடம் வந்தபோது, தன் ஊரில் அதைக் குடிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள் என்றார். அசுசேனா பெட்டியில் காரம் கூடுதல் என்கிறது ஒரு கட்சி. நிக்கானோர் பெட்டியில் பின்னால் ஒரு தித்திப்பு வருகிறது என்கிறது மற்றது.

"தித்திப்பா? இவன்கிட்டயா?" என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"விவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க, கேட்டுக்கோ" என்றான் நிக்கானோர்.

இன்னும் நிறைய வேண்டும் என்று அவர் கேட்டார். இலை தீர்ந்துவிட்டது என்று சொல்லி, கோழிச் சாறும் சோளத் தோசையும் போட்டு அனுப்பினாள். இப்போது பாடத்தில் கிடப்பது ஹலாபா பக்கத்து இலை. அது வேறு சுருட்டு, அதற்கு வேறு பெயர். அவள் இலை பார்க்க மலைக்குப் போகும் நாட்களில் ஆறு மேசையையும் நிக்கானோர்தான் கவனித்துக்கொள்கிறான். அந்த நாட்களில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இன்னும் அதிகம்: "நடுவுல அடைச்சிருக்கு!" என்று அவன் அவளைவிட உரக்கக் கத்துகிறான்.