பிரேக் அக்காவின் ஆறு கோழிகள்

கோழியை இரண்டு கையாலும் தூக்கி வெயிலுக்கு நேராகத் திருப்புகிறார். நேற்றைவிடக் கொண்டை சிவந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். முட்டை போடும் நாள் நெருங்கினால் கொண்டை சிவக்குமாம். திருப்தி இல்லை. கீழே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறார். ஆறு கோழிகளுக்கும் இந்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான், மொட்டை மாடியில் ஒருத்தன் வந்து நிற்பதே பிரேக் அக்காவின் கண்ணில் படும். ஏழு மணிக்கு அவர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். மணி ஏழு பத்து.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்காரும் அவருடைய காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பெயர் அதனால் வந்தது. அந்தக் கால் காரை விட்டு இறங்கினாலும் சும்மா இருப்பதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிரே யாராவது சைக்கிளில் வேகமாகத் திரும்பினால், இவருடைய வலது கால் தரையை அழுத்தும். டீ சிந்தும். நான் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். அவரை இவ்வளவு காலம் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் அதனால்தான் கிடைத்தது.

ஐம்பத்திரண்டு வயதில் கோழி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கியரை மாற்றச் சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் போனபின் பதில் சொன்னார். "வண்டியில ஏறுறவங்க எல்லாம் கத்துக்கிட்ட அன்னிக்கே போயிடுறாங்க. அப்புறம் ரோட்டுல பாத்தா ஹாரன் அடிச்சிட்டுப் போறதோட சரி. இதுங்களாவது கத்துக்கிட்டு இங்கயே இருக்கட்டும்னு நெனச்சேன்." எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கிளட்சை விட்டுவிட்டேன், வண்டி குலுங்கி நின்றது.

வீட்டில் வேறு பேச்சுத்துணை இல்லை. கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் கடலில். கீழ்வீட்டில் கணவருடைய அக்கா. மருந்துக் கடை நடத்துகிறார். வீடு அவருடையது, மாடியும் அவருடையது, மாடியில் காயும் வெள்ளைப் போர்வைகளும் அவருடையவை. வெள்ளை என்றால் சும்மா வெள்ளை இல்லை, பார்த்தால் கண் கூசும். அந்தப் போர்வைகளுக்கு அடியில்தான் ஆறு கோழிகளும் உலவும். இரண்டு பெண்களுக்கும் நடுவே பேச்சு குறைவு. "தண்ணி வருது", "மோட்டார் போடு" என்ற அளவோடு நின்றுவிடும்.

கோழிகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேட்டால் பள்ளியின் பாடத்திட்டமே தெரிந்துவிடும். கொண்டை நன்றாகச் சிவந்தவள் சிக்னல். இரை தின்ன வரும்போதும் பின்பக்கமாகவே நகர்கிறவள் ரிவர்ஸ். முட்டை போடும் இடம் இதுதான் என்று காட்ட எல்லோரும் பெட்டிக்குள் போலி முட்டை வைப்பார்களாம். அக்கா பழைய கார்களின் கியர் குமிழ்களைக் கழற்றி வைத்திருக்கிறார். ஒரு குமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்கூட அழியாமல் இருந்தன.

கோழிகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது ஒரு வினோதம் நடந்தது. கையை நீட்டினால் ஓடுகிற சிக்னல், ஓடாமல் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு அமர்ந்துகொண்டாள். மறுநாள் இன்னொருத்தி. அக்கா பயந்துபோனார். காலில் சுகமில்லை என்று முடிவுகட்டி, கீழே போய் நாத்தனாரிடமே மூட்டுவலிக் களிம்பு வாங்கிவந்து கோழிக்காலில் தேய்த்தார். மாடி முழுக்க மருந்து வாடை. குஞ்சு விற்ற பண்ணைக்காரர் போனில் சிரிசிரி என்று சிரித்தாராம். அப்படி உட்கார்ந்தால் முட்டைக்குத் தயார் என்று அர்த்தமாம். இன்னும் பத்து நாளில் பாருங்கள் என்றாராம்.

பத்து நாளும் போனது. முட்டை ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூள் வைத்தார். அரைமணிக்கு ஒருமுறை பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். ஏதாவது ஒன்று மூலையில் போய்க் குந்தினால், உடனே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கோழி அவரைப் பார்க்கும். அவர் கோழியைப் பார்ப்பார். கடைசியில் கோழி எழுந்து போய்விடும். அந்த நேரத்தில் தூக்கக் கூடாது, முட்டையை அடக்கிக்கொள்ளும் என்று பண்ணைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் கை வைக்காமல் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் எதையும் கற்றதில்லை என்றார். நானும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மனதுக்குள் ஆமாம் போட்டேன்.

நடுவில் ஒருநாள், தரையில் ஒன்று கிடந்தது. ஓடே இல்லை, நனைந்த தோல்பை மாதிரி, தொட்டால் அமுங்கியது. புதிதாகப் போடும் கோழிக்கு முதலில் இப்படியும் வரும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆசையாக உள்ளங்கையில் ஏந்திக் கீழே கொண்டுபோனார். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அன்று காலைதான் போர்வை ஒன்றில் கோழி தன் முத்திரையைப் பதித்திருந்தது.

"இதுக்குப் பேரு முட்டையா? இந்த மாசம் முடியட்டும். ஓட்டோட ஒரு முட்டைய நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா ஆறும் கறிக்கடைக்கு."

மாதத்தின் கடைசி நாள் ஞாயிறாக வந்தது. கறிக்கடை பன்னிரண்டு மணிக்கு அடைப்பார்கள். பதினொன்றுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். "நீங்களே ஓட்டுங்க. பழகின மாதிரியும் ஆச்சு" என்றார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டுக்குள் விட்டார். இறக்கையை ஒதுக்கி, கால் மாட்டாமல், அத்தனை பதமாக. ஐந்து உள்ளே போயின. ஆறாவதைக் காணோம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினோம். படிக்கட்டு அறையில் தேடினோம். ரிவர்ஸ் இருந்த இடம், நாத்தனார் காய்ந்த துணிகளை மடித்து வைத்திருந்த கூடை. மேல் போர்வையைக் காலால் பறித்துக் குழியாக்கி, அதில் வட்டமாக உட்கார்ந்திருந்தாள். கழுத்து நீண்டிருந்தது. வால் மேலும் கீழுமாக மெல்ல அசைந்தது.

அக்கா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். இரண்டடி போனார். நின்றார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்போதுதான் கூடையை எடுக்க நாத்தனார் படியேறி வந்தார். கூடைக்குள் கோழியைப் பார்த்ததும் வேகமாக முன்னால் வந்தவரின் மணிக்கட்டை அக்கா பிடித்துக்கொண்டார்.

"அண்ணி. ரெண்டே நிமிஷம். யாரும் கை வைக்க வேணாம்."

மூன்று பேரும் கூடையைப் பார்த்தபடி நின்றோம். கூண்டுக்குள் இருந்த ஐந்தும்கூடச் சத்தம் போடவில்லை. இரண்டு நிமிஷம் ஐந்தானது, பத்தானது. கடை அடைக்கும் நேரம் நெருங்குவது மூவருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. கோழி தன் அலகால் போர்வையின் ஓரத்தை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது. நகத்தில் மாட்டி எங்கோ நூல் அறுந்தது.

"துணி போனாப் போகுது" என்றார் நாத்தனார், ரகசியம் சொல்வது போல.

ரிவர்ஸ் பாதி எழுந்தாள். உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. போர்வைக் குழியில் ஒரு முட்டை கிடந்தது. எலுமிச்சை அளவுதான், பழுப்பு நிறம், ஈரப் பளபளப்பு, ஓட்டின்மேல் மெல்லிய ரத்தக் கோடு. கோழி திரும்பி அதை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு மறு கண்ணால் பார்த்தது. அதன்பின் மாடி அதிரக் கத்த ஆரம்பித்தது.

நாத்தனார் குனிந்து முட்டையை எடுக்கப் போனார். முடியவில்லை. அவருடைய மணிக்கட்டை அக்கா இன்னும் விட்டிருக்கவில்லை.