வெயிலில் வைத்த போத்தல்

சனிக்கிழமை ரியூசன் முடிந்து வந்தபோது அம்மா கையில் போனோடு படலையடியில் நின்றார். "தர்மினி எங்களை விட்டுட்டுப் போட்டாளாம், பிள்ளை" என்றார். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. நாலு நாள் டெங்குக் காய்ச்சல். அவ்வளவுதான்.

தர்மினி அக்காவை அறிந்து இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தொண்டைமானாற்றிலிருந்து வந்து, இரண்டு வருடம் எங்கள் முன்னறையில் தங்கிப் பல்கலைக்கழகம் போய்வந்தார். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் நித்திரையான பிறகு எழுதுகிறேன்.

கோடையில் தங்கள் ஊர் உப்புநீர் சிவப்பதை அக்கா சிறுவயதிலிருந்தே பார்த்தவர். அந்த நீரில் வாழும் ஒரு பற்றீரியாவின் புரதம்தான் அவருடைய ஆய்வு. அது ஊதா நிறம், வெளிச்சத்தை உணரும். அதிலிருந்து ரெற்றினல் என்ற சிறு பொருளைப் பிரித்தால் நிறம் போய்விடும். புது ரெற்றினலை இருட்டில் சேர்த்தால் ஊதா திரும்பி வர வேண்டும். "பிரிக்கிறது பெரிய வேலையில்லையடி. திருப்பிப் பொருத்தி, அது உயிரோடை இருந்தமாதிரி வேலை செய்தால்தான் எங்களுக்கு விளங்கினதெண்டு சொல்லலாம்" என்பார்.

வளாகத்தில் மின்சாரத் திருத்தவேலை நடந்த இரண்டு நாளும் ரெற்றினல் போத்தல் எங்கள் பிரிட்ஜில் இருந்தது. விரலளவு போத்தல், அலுமினியத் தாளால் சுற்றியது.

"உதை மீனுக்குப் பக்கத்திலை வைக்கலாமோ?" என்று அம்மா கேட்டார்.

"நாங்கள் கடற்கரைச் சனம், அன்ரி. மீனோடை இருந்து பழக்கம்தான். வெளிச்சம் மட்டும் படக்கூடாது."

அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் நான் தனியே இருந்தேன். பார்க்க ஆசையாக இருந்தது. தாளைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் நீர். அதை யன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு, சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு வடிவாகச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இருட்டறையில் அக்கா அதைச் சேர்த்தபோது நிறம் வரவில்லை. வந்து பிரிட்ஜுக்கு முன்னால் நின்றார். அவர் ஒன்றும் கேட்க முன்னமே அம்மா சொன்னார்: "என்ரை பிள்ளை மற்றவையின்ரை சாமான் தொடாள், தர்மினி."

அக்கா என்னைப் பார்த்தார். "ஓம் அன்ரி. என்ரை கவலையீனம்தான்" என்றார். குறிப்புப் புத்தகத்திலும் தன் கவனக்குறைவு என்றே எழுதினார்.

இரண்டு நாள் கழித்துக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, தலை நிமிராமல் சொன்னார்: "அந்தத் தாளை நான் ஒருநாளும் அவ்வளவு வடிவாய்ச் சுத்திறேல்லை." நான் அழத் தொடங்கினேன். "பேய்ப் பெட்டை, அழாதை. நீ சொல்லேக்கை சொல்லு. நான் கேக்கமாட்டன்."

அவர் கேட்கவேயில்லை. பிரித்து வைத்த புரதமும் வீணானதால், மறுபடி ஊருக்குப் போய் உப்புநீர் கொண்டுவந்தார். பற்றீரியா வளர ஐந்து கிழமை. ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நிறம் வந்த அன்றைக்கே சொல்லிவிடுவது என்று நான் எண்ணியிருந்தேன். புது ரெற்றினல் வந்து சேர்ந்த கிழமை அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது.

நேற்று அக்காவின் அண்ணை முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அச்சுப்படியைக் கொண்டுவந்து, எங்களிடமும் நாலு வரி கேட்டார். அதில் அக்காவின் வகுப்புத் தோழிகள் இப்படி எழுதியிருந்தார்கள்: "முதற் சோதனை தன் கவனக்குறைவால் பிழையானதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட நேர்மையாளர்." அக்கா செய்து முடித்த சோதனை அது ஒன்றுதான். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "செத்த பிள்ளைக்கு இனி என்ன? வாயை மூடு. கொப்பர் அறிஞ்சால் தெரியும்" என்று அப்பாவைச் சொல்லி வெருட்டினார்.

அண்ணை, நீங்கள் கேட்ட நாலு வரி இதுதான். விடிந்ததும் நீங்கள் படியை வாங்க வருவீர்கள். இந்தத் தாள் அதற்குள் இருக்கும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ரெற்றினலை வெயிலில் வைத்தது மதுசா என்று என் பெயரைப் போட்டே அச்சிடுங்கள். எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், எதிரே இருந்து எனக்குக் கறி அள்ளி வைத்தாரே, அந்த ஐந்து கிழமையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.