இடது குழலில் மூட்டம்

எந்த பைனாகுலர் கைக்கு வந்தாலும் சிலுவைராஜ் எடுத்த எடுப்பில் கண்ணில் வைத்துப் பார்த்துவிட மாட்டார். வானத்துப் பக்கமாகக் கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கிற இரண்டு கண்ணாடியிலும் தெரியும் வெளிச்சப் பொட்டுகளைத்தான் முதலில் பார்ப்பார். பொட்டு முழு வட்டமாக இருந்தால் ஒரு தலையசைப்பு. ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் "ம்ஹும்". பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரத்தைப் பிட்டுப் பார்க்கிற மாமியார் மாதிரி என்று அவர் மனைவி சிசிலி மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். வருஷக்கணக்காகப் பார்க்கிறாள்.

ஏலப்பாறை எஸ்டேட்டில் சிசிலிக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலை. அவள் புருஷன் சிலுவைராஜும் அங்கேதான் இருந்தார். மேட்டில் ரிசார்ட் வந்த பிறகு, தங்க வருகிறவர்களுக்குப் பறவை காட்டும் வேலைக்குப் போனார். அந்த வேலையில் கண்தான் சோறு.

இந்த மழைக்காலம் முடிந்ததும், ரிசார்ட் முதலாளி ஜோமோன் உயர்ந்த ரக பைனாகுலர் ஒன்று வாங்க நினைத்தார். கொச்சிக் கடைக்காரர் பார்த்து எடுக்கச் சொல்லி மூன்று அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோமோன் அவற்றைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"ராஜேட்டா, ஒவ்வொண்ணும் ஒரு புல்லட் பைக் விலை. நீங்க சொல்றதத்தான் எடுப்பேன்."

"புல்லட்டுல குடும்பமே போகலாம் சாரே. இதுல ரெண்டு கண்ணு மட்டுந்தான் போகும்."

மூன்றிலும் பொட்டு வட்டமாகத்தான் இருந்தது. கண்ணில் வைத்து, வெள்ளை வானத்துக்கு எதிரே கறுத்த கிளையைப் பார்த்தார். மட்டமான சாமான் என்றால் கிளையின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரியும். அதுவும் இல்லை. ஆனாலும் முகம் சுளித்தார்.

"இடது குழல்ல மூட்டம்."

இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

"மழையில பூட்டி வச்சிருக்கான். உள்ள பூசணம் பிடிச்சிருக்கு சாரே."

"மூணுலயுமா? சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன். அந்தக் கடைக்காரனுக்கு வச்சிருக்கேன்!" என்று ஜோமோன் கோபமாகக் கிளம்பினார்.

மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூசணம் பிடிப்பது புதிதல்ல. ஆனால் மூன்றிலும் இடது குழலில் மட்டுமா? சிசிலிக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்ச நாளாகவே சிலுவைராஜ் தேத்தண்ணி ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுகிறது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். எதிர் லயத்தில் வெற்றிலை மெல்லும் அழகுத்தாயின் காவிப் பல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு குழலிலும்.

'உங்க கண்ணுதான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் திரும்பி வந்ததும் நீட்டினாள்.

"ஏங்க, இதத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்களேன்."

"நான் என்ன வௌவாலா புள்ள?"

"ஒரு தடவை பாருங்க."

மேல் கீழாகப் புரட்டிக் கண்ணில் வைத்தார். இப்போது இடது குழல் வலது கண்ணுக்கு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த வாய் மெல்ல மூடியது. நேராகப் பிடித்தார். மறுபடி புரட்டினார். மூட்டம் குழலோடு போகவில்லை. இடது கண்ணிலேயே நின்றது.

பைனாகுலரை மடியில் இறக்கினார். "சாமான்ல குத்தமில்ல."

"இல்லங்க."

"சார்கிட்ட சொன்னா வேலை போயிரும்."

"சொல்லலைன்னா அந்தக் கடைக்காரருக்கு வீண்பழி. நானும் பக்கத்துல இருக்கேன்."

"நீயா? ஆளுக முன்னால வாயே தொறக்க மாட்டியே."

"நீங்க பேசுங்க. நான் நிப்பேன்."

சாயந்திரம் ஜோமோன் வந்ததும் சிலுவைராஜ் ஒளிக்காமல் சொன்னார். சிசிலி அவருடைய இடது பக்கத்தில் நின்றுகொண்டாள். ஜோமோன் பைனாகுலர்களை ஒவ்வொன்றாக உறையில் போட்டார்.

"என் அம்மைக்கும் திமிரம்தான் ராஜேட்டா, கண்ணுல புரை. ஆபரேஷன் கழிஞ்சு இப்ப ஊசியில நூல் கோக்குறா. ஆனா டாக்டர் சரின்னு சொல்றவரை உங்களக் காட்டுக்கு விட மாட்டேன். பாறையில சறுக்கினா யாரு பதில் சொல்றது?"

இப்போது இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. டாக்டர் இன்னும் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பறவை காட்ட வேறு ஆள் போகிறார். சிலுவைராஜ் ரிசார்ட்டில் உட்கார்ந்தபடி செய்யும் வேலையில் இருக்கிறார். சிசிலி காலையில் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போகிறாள்.