கிளச் கூட்டில் வெட்டிய ஜன்னல்

1. கை நுழையாத ஓட்டை

ஹட்டன் கராஜில் என்னை வேலைக்கு எடுத்தது வேலைச்சீட்டு எழுதுவதற்குத்தான். எந்த வண்டிக்கு என்ன கோளாறு, யார் பழுது பார்த்தார், என்ன சாமான் போட்டார் என்று எழுதி முதலாளியிடம் கையொப்பம் வாங்க வேண்டும். ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னை மூத்தவள் என்கிறார்கள். எனக்கு வயது இருபத்தாறு. அவர்களுக்குச் சொல்லும்படியான சாதனை ஏதாவது செய்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. போட்டிக்குப் புறப்பட்ட ஒரு காரைக் குறுக்கே போய் நிறுத்திய கதை ஒன்று மட்டும் இருக்கிறது.

அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். கணவர் றொசல்லப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். சனிக்கிழமைதான் வருவார். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆளில்லாததால் ஸ்டோரிலேயே ஒரு தேயிலைப் பெட்டியின் மேல்பாதியை அறுத்துவிட்டு, அதற்குள் படுக்க வைத்திருந்தேன். அவன் அழுதால் பயம். அழாவிட்டால் மூச்சு வருகிறதா என்று இன்னும் பயம்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் உதவி மேலாளரான சின்னத்துரை தன் திறந்த காரை எங்களிடம் கொண்டுவந்தார். ஏப்ரலில் நுவரெலியாவில் கால் மைல் போட்டி. நின்ற இடத்திலிருந்து இரண்டு கார்கள் ஒன்றாகப் புறப்படும். கால் மைலை முதலில் கடப்பது வெல்லும். புறப்படும் அந்த நொடியில் கிளச் வழுக்கினால் எல்லாம் போச்சு. துரையின் கார் வழுக்கியது.

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் மணி வடிவ அலுமினிய வார்ப்புக்குப் பெல் ஹவுசிங் என்று பெயர். கிளச் அதற்குள் இருக்கிறது. கிளச்சுக்கு மூன்று விரல்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நட். அது கழலாமலிருக்க அதன்மேல் ஒரு லொக் நட். வழுக்கலை நிறுத்த இவற்றைத் திருக வேண்டும், அதற்குக் கை உள்ளே போக வேண்டும். ஆனால் அந்தக் கூட்டில் இருந்த ஓட்டையோ ஒரு தீப்பெட்டி அளவுதான். இல்லாவிட்டால் கியர் பொக்ஸையே இறக்க வேண்டும். அதற்கு அரை நாள்.

எங்கள் மெக்கானிக் குணபால சிங்களவர்; தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம், அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்பார். பாஸுக்குக் கை உரல் மாதிரி. என் கையைப் பார்த்தார்.

"நங்கி, வளையல் கழட்டி ஒருக்கா போட்டுப் பாரு."

போட்டேன். மணிக்கட்டில் தோல் போனது. ஆனால் நட் திரும்பியது. அன்று முதல் ஊரில் இருக்கும் என் மாமியாருக்குத் தெரியாத ஒரு தொழில் எனக்கு இருந்தது.

2. கழுத்து வெட்டு

துரை வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் என் தோல் கொஞ்சம் போனது. கடைசியில் பாஸ் முதலாளியிடம் போனார்.

"முதலாளி, கியர் பொக்ஸ் ஒருக்கா எறக்கி, பெல் ஹவுசிங்க வெட்டி ஜன்னல் வைப்போம். மூடி போட்டு நாலு ஸ்க்ரூ. பொறகு யார் கையும் போகும்."

முதலாளிக்கு உயிர் போனது. "ஏன்யா, அது என்ன கோழிக்கூடா, கதவு வைக்க? வெட்டுன எடத்துல வெடிச்சு, உள்ள சுத்துற சக்கரம் தொர காலுல பாஞ்சா? அவரு காலு அங்கதான் இருக்கு! என்ன டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

டீச்சரம்மா என்றால் நான்தான். டீச்சர் என் கணவர். ஆனால் கராஜில் பட்டம் எனக்கு. படித்ததில் பெல் ஹவுசிங் வரவில்லை. எனக்குத் தெரிந்தது தையல். அதனால் அதைச் சொன்னேன்.

"பிள்ளைக்குச் சட்ட தைக்கையில கழுத்தச் சதுரமா வெட்டுனா மூலையிலதான் மொதல்ல கிழியும் முதலாளி. வட்டமா வெட்டுனா கிழியாது."

சொன்னவுடனே, ஏன் சொன்னோம் என்றிருந்தது. நாளைக்கு அது வெடித்தால் என் சட்டைக் கழுத்தைத்தானே குற்றம் சொல்வார்கள்? ஆனால் பாஸ் தொடையில் தட்டினார். "சரிதானே! மூல எல்லாம் வட்டம். நடுவில இருக்கிற எலும்பு தொட மாட்டேன்." எலும்பு என்று அவர் சொன்னது வார்ப்பில் புடைத்திருக்கும் தாங்கு வரிகளை.

"சரி, வெட்டுங்க," என்றார் முதலாளி. "பிசகுனா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

கூட்டைக் கழற்றி மேசையில் வைத்து, வரிசையாகத் துளை போட்டு, இடையில் அறுத்து, இரண்டு நாள் அரம் போட்டார் பாஸ். என் உள்ளங்கையும் அவர் உள்ளங்கையும் தாராளமாக நுழையும் ஜன்னல். தரைப்பலகையைத் தூக்கினால் ஓட்டுபவரின் ஆசனத்தில் இருந்தபடியே கையை உள்ளே விடலாம். எல்லாவற்றையும் மறுபடி பூட்டியபின், போட்டிக்கு முந்தின நாள் பாஸ் மரியாதைக்காக ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"நங்கி கைக்கு இனி வேல இல்ல. கடேசியா ஒருக்கா நீயே டைட் பண்ணு."

பெருமையோடு குனிந்தேன். முதல் விரல், இரண்டாம் விரல். மூன்றாவதற்கு வரும்போது பிள்ளை வீறிட்டான். ஓடினேன். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியபோது முதலாளி வேறு, "டீச்சரம்மா, ஒரு ஊக்கு இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பாஸ் மூடியைப் பூட்டினார். வேலைச்சீட்டில் அழகான கையெழுத்தில் 'முடிந்தது' என்று எழுதினேன்.

3. ஊக்கு

மறுநாள் கராஜ் லொறியில் எல்லோரும் நுவரெலியாவுக்குப் போனோம். தேயிலை மலைக்கு நடுவில் ஒரு நேர் ரோடு. அதன் முடிவில் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம். துரை கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்.

பிள்ளை நனைத்துவிட்டான். துணி மாற்ற, தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்குகளைத் தேடினேன். எப்போதும் மூன்று இருக்கும். இரண்டுதான் இருந்தன.

நேற்று நான் அந்த ஜன்னலுக்கு மேல் குனிந்திருந்தேன். தாலிக்கொடி தொங்கியிருந்திருக்கும். மூன்றாவது ஊக்கு இப்போது துரையின் காலுக்குப் பக்கத்தில், கிளச்சுக்குள். அது விரலில் சிக்கினால், மிதித்தாலும் கிளச் விடாது. வண்டி எப்படி நிற்கும்? வளைவு. பள்ளம்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். அரைத்துணியில்லாத பிள்ளையோடு, சேலையை வாரிக்கொண்டு, ரோட்டில் இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றேன். கொடி பிடித்திருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாஸ்! தொறங்க! உள்ள என் ஊக்கு கெடக்குது!"

துரை எழுந்து நின்றார். அவருடைய தமிழ், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கற்ற தமிழ். "என்ன பேச்சு? பொம்பளை ஊக்கு, என் கார் உள்ளே?"

"ஆமாங்க தொர. மூணு இருந்துச்சி. ரெண்டுதாங்க இருக்கு."

முதலாளி தலையில் கைவைத்தார். "டீச்சரம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஊரே பாக்குது."

யோசித்தேன். உள்ளேதான் விழுந்ததா? வீட்டில் விழுந்திருக்குமோ? உறுதி இல்லை. எனக்கு எதில்தான் உறுதி இருந்தது? ஆனால் நான் விலகவில்லை.

"மூடி தொற," என்றார் துரை. "சீக்கிரம்."

பாஸ் தரைப்பலகையைத் தூக்கி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். பழைய ஓட்டையாக இருந்தால் அரை நாள். இப்போது ஒரு பீடி பிடிக்கும் நேரம். டோர்ச் அடித்தார். கையை விட்டு அடிவரை தடவினார்.

"ஊக்கு இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு. யாரோ, "கம்மலயும் எண்ணிப் பாரும்மா!" என்றார். பிள்ளையும் சிரித்தான், அதுதான் வலித்தது.

பாஸ் சிரிக்கவில்லை. கை இன்னும் உள்ளேயே இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "நங்கி, இங்க வா. மூணாவது லொக் நட் யாரு போட்டது?"

பார்த்தேன். ஸ்பேனர் வேண்டியதில்லை. அவர் விரலாலேயே அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓட்டத்தில் கழன்றிருந்தால் அதுவும் ஊக்கைப் போலவே கிளச்சைச் சிக்கவைத்திருக்கும்.

"நான்தான் பாஸ். பிள்ள அழுதிச்சு..."

"நானும் பாக்காம மூடினேன்," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சை முடித்தார். ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். துரை அந்த நட்டைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

கார் புறப்பட்டது. கிளச் வழுக்கவில்லை. இரண்டாவதாக வந்தார். வளைவுக்கு முன்னாலேயே நின்றார். எனக்கு அது போதும்.

திரும்பி வந்த காரைத் துடைக்கும்போதுதான் கண்டேன். பக்கத்து ஆசனத்தை மூடும் கன்வஸ் துணியின் பட்டன் அறுந்திருந்தது. அந்த இடத்தை ஒரு ஊக்கு பிடித்திருந்தது. வால் கொஞ்சம் வளைந்த ஊக்கு. என்னுடையது. முந்தின நாள் நான் என் கையாலேயே முதலாளியிடம் எடுத்துக் கொடுத்தது.

4. புதிதாக வந்தவர்களுக்கு

வேலைச்சீட்டின் அடியில் 'மூடுமுன் பார்த்தவர்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது நான் சேர்த்தது. இறுக்கியவரின் பெயர் அங்கே வரக்கூடாது. வேறு ஒருவர் உள்ளே கையை விட்டுப் பார்த்து எழுத வேண்டும். நான் பயந்தது வீண் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்: ஊக்குக்காக நடுங்கினேன், நட்டைப் பற்றி ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அதை நான் பெருமையோடு இறுக்கியிருந்தேன். பெருமையோடு செய்த வேலையைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

துரையின் கார் போன மாதமும் சர்விஸுக்கு வந்தது. கன்வஸில் அந்த ஊக்கு துருப்பிடித்து அப்படியே இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை. லொக் நட் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். பிறகு பாஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தபின் இன்னொரு முறை நான் பார்த்தேன்.

"நங்கி, போதும். மூடுவோம்," என்றார் அவர்.

மூடினோம். இதை எழுதும்போது, மூடியின் நாலாவது ஸ்க்ரூவை இறுக்கினேனா என்று யோசனையாக இருக்கிறது.