அத்தையைச் சூழ்ந்த ஒன்பது கோள்கள்

நான் உருட்டிய வியாழன் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. சனி, நசுங்கிய கொழுக்கட்டை. பூமியை உருட்டி முடித்தபோது அதன்மேல் என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன; போலீஸ் வந்தால் குற்றவாளியைத் தேடவே வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் படித்த காலத்தில் என் திறமைகளின் பட்டியல் மிகச் சிறியது. களிமண் அதில் இல்லை. ஆனால் அண்ணனின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கோள்கள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று வருகிறவர்களிடம் ஒப்பிப்பது அவன் வேலை. மண்ணில் கை வைப்பது தங்கையின் தலையெழுத்து.

அப்போது எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வெயிலில் வைத்தால் உருண்டைகள் வெடித்துவிடும், நிழலிலேயே காய வை என்று களிமண் கொடுத்த பிள்ளையார் செய்பவர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் நாள் முழுக்க நிழல் இருந்தது உள் அறையில்தான். அங்கே அத்தை படுத்திருந்தாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. ஈஜிபுராவில் வாடகை வீட்டில் மாமாவோடு இருந்தவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமா இறந்துபோனார். எப்படி என்று நான் கேட்டபோது அம்மா, "சாமிகிட்ட போயிட்டாரு" என்று சொல்லிக் கூரையைக் காட்டினாள். அதோடு அந்த விசாரணை முடிந்தது. காரியம் ஆனதும் அப்பா அத்தையைக் கூட்டிவந்தார். வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு, ஒரு காதைச் சிவப்பு சிமெண்ட் தரையில் அழுத்தியபடி கிடந்தாள். கண்கள் மட்டும் திறந்தே இருந்தன. தரைக்குக் கீழே யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவள்போல. அம்மா மல்லுக்கட்டி ஊட்டும் நாலு வாய் கஞ்சியில் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "இது டாக்டர் கேஸ் இல்லம்மா, காத்து சேஷ்டை. அமாவாசைக்குள்ள எழுந்து ஊட்டா பண்ணா, சோறு தின்னா சரி. இல்லன்னா எங்க ஊரு பூஜாரி இருக்காரு. வேப்பிலையால நாலு போட்டா தன்னால பேசும்."

அதே பூஜாரி போட்ட நாலில் ஒரு பெண்ணின் கை ஒடிந்ததை அதே ஆன்ட்டி முன்பு பெருமையாகச் சொன்னதுண்டு. அப்பா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது.

காலையும் மாலையும் உருண்டைகளைத் திருப்பிவைக்க நான் அந்த அறைக்குள் போகவேண்டும். திருப்பாவிட்டால் ஈரமண் தன் கனத்திலேயே அடியில் தட்டையாகிவிடும். முதல் நாள் அவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை போனபோது வரிசை இல்லை. ஒன்பதும் நகர்ந்து அத்தையைச் சூழ்ந்திருந்தன. வியாழன் அவள் நெற்றியை ஒட்டி நின்றது. மறுபடி எடுத்து வரிசையாக வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அத்தை கையை அசைத்த அடையாளமே இல்லை. இன்றானால் காரணம் சொல்வேன்: ரயில் போகும்போதெல்லாம் வீடு அதிரும், தரை அந்த மூலைக்குச் சரிந்திருந்தது. அன்று எனக்குத் தெரிந்த காரணம், கூடத்தில் அண்ணன் காலை மாலை கத்திக்கொண்டிருந்ததுதான்.

"மிகப் பெரிய பொருள், தன்னிலுள்ள ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இழுக்கிறது. உயர்ந்து நிற்கும் எதையும் அது விட்டுவைப்பதில்லை. மெல்ல மெல்லக் கீழே இறக்கிவிடுகிறது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடுவதால் அது உருண்டையாகிறது. சிறிய கற்களுக்கு அந்த இழுவை போதாது. அவை கோணலாகவே இருக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தையின் நடுவில் எதுவோ உட்கார்ந்து இழுக்கிறது. கையும் காலும் உள்ளே போய்விட்டன. இனித் தலையும் போய்விட்டால் அத்தை முழு உருண்டை. பிறகு எங்கே பிடித்து எழுப்புவது? நான் சிறிய கல். ஆகவே கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கோள்களைத் திருப்பினேன். உள்ளே இழுக்கப்பட்டால் பாவாடையாவது வெளியே மாட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று அதன் ஓரத்தைத் தாழ்ப்பாளில் முடிந்துவைத்தேன். பாவாடை கிழிந்தது. அடி வாங்கினேன்.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போயிற்று. அம்மா மெழுகுவத்தி தேடினாள். அண்ணன் இருட்டிலேயே ஒப்பித்துக்கொண்டிருந்தான். எப்போதும் தடுமாறும் இடத்தில் தடுமாறினான்.

"உயர்ந்து நிற்கும் எதையும்... எதையும்..."

"அது விட்டுவைப்பதில்லை" என்றது உள் அறை.

இரண்டு மாதம் கேட்காத குரல். எங்கள் அத்தையின் குரல்தான். ஆனால் யாரோ பழைய பாத்திரத்துக்குள் வாயை வைத்துப் பேசினதுபோல் இருந்தது. அம்மா மெழுகுவத்தியோடு ஓடினாள். அத்தை கிடந்தபடி கிடந்தாள். அம்மா கெஞ்சியும் அப்பா அதட்டியும் ஒரு சொல் வரவில்லை. ஆன்ட்டிக்குச் செய்தி போனது. "பாத்தியா, அது பேசல, உள்ள இருக்கறது பேசுது. பேகா, சீக்கிரம் பூஜாரியைக் கூப்பிடு" என்றாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் மாலை, வீட்டில் வேப்பிலைக் கட்டு வந்து இறங்கியது. எனக்கு அத்தையின் கை எலும்பு உடையும் சத்தம் அப்போதே கேட்டது. அண்ணனின் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவு நிலையைப் பிடிக்கவில்லை. அந்த மந்திரத்துக்குத்தானே அன்று அத்தை பேசினாள்? அவள் முகத்துக்கு நேராகத் தரையில் படுத்து, மெதுவாக ஒப்பித்தேன். இரண்டு முறை. மூன்றாவது முறை, நடுவில் அவள் உதடு அசைந்தது.

"விழறது எல்லாம் அங்கதான் போவுதா?"

"ஆமா அத்தை. நடுவுக்கு."

"இன்னும் போய்ட்டே இருக்குமா?"

இந்தக் கேள்வி நோட்டில் இல்லை. ஒரு ரயில் போயிற்று. என் காதுக்குள் தரை முனகியது. தெரிந்ததைச் சொன்னேன். "இல்ல அத்தை. தரை புடிச்சிக்கும். இதுக்கு மேல விடாது." நம்பவேண்டுமே என்று உள்ளங்கையால் தரையை அறைந்து காட்டினேன்.

"வலிக்குமா?"

"யாருக்கு, பூமிக்கா? அது எம்மாம் பெருசு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை."

"உடனே நின்னுடுமா?"

"பட்டுனு நின்னுடும்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் தரையிலிருந்து எடுத்தாள். ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தரையின் சிவப்பு. கையும் காலும் ஒவ்வொரு மூட்டாகச் சொடக்குச் சத்தத்தோடு நீண்டன. உட்கார்ந்தாள். "அண்ணியைச் சோறு போடச் சொல்லு" என்றாள். நான் எழுந்து ஓடியதில் செவ்வாயை மிதித்துத் தோசையாக்கினேன். அண்ணன் எட்டுக் கோளோடுதான் கண்காட்சிக்குப் போனான்.

பூஜாரி வரவில்லை. வேப்பிலையைக் குருணை மூட்டைக்குள் போட்டாள் அம்மா. நான் தெருவெல்லாம், அத்தையை நான்தான் மந்திரம் சொல்லி எழுப்பினேன் என்று பீற்றிக்கொண்டேன்.

மாமா பெயின்டர், நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். நான் பத்தாவது படிக்கும்போதுதான் அப்பா அதைச் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அத்தை அந்தக் கட்டடத்தின் கீழே நின்றிருந்தாளாம்.

அந்த அமாவாசை வாரத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், எங்கள் அத்தைக்கு வானவியலில் அபாரமான ஆர்வம் என்று சொல்லியிருப்பேன்.